செத்த வண்டின் மீசை

கண்ணாடிப் பட்டறையில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். “சந்தேகம் இன்னும் வரலையா?” என்று காலையில் யாராவது கேட்டால், அவள் பேருந்தைத் தவறவிட்டுவிட்டாள் என்று பொருள். அந்தப் பெயரை வைத்தது யார் என்பதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பூச்சு போடும் பிரிவில் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் இரண்டு பேரில் ஒருவர். ஆனால் நிரூபிக்க முடியவில்லை.

மூக்குக்கண்ணாடிக்கான லென்ஸ் தேய்த்து, மெருகேற்றி வந்ததும் அதை விளக்கடியில் பிடித்துக் கீறல், குமிழி, புகை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. ஒவ்வொரு லென்ஸும் தன்னை ஏமாற்றத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால்தான் அந்த வேலை ஓடும். அதற்குத்தான் சம்பளம். சம்பளம் இல்லாத நேரத்திலும் அவள் அதையே செய்தாள் என்பதுதான் வீட்டாரின் குறை. “ராத்திரி நான் கொறட்டை விட்டா, நிஜமாத் தூங்குறேனா, நடிக்கிறேனான்னு எழுந்து உக்காந்து பாக்குறா” என்று அவள் கணவன் சொல்லிச் சிரிப்பான். அவன் ஒரு தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநர். எதற்கும் பதறாதவன்.

அவள் படம் எடுக்கத் தொடங்கியதே ஒரு சந்தேகத்தால்தான். வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொடுத்த லென்ஸில் கீறல் இருக்கிறது என்றாள். முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, “அது கீறல் இல்லம்மா, கண்ணிமை முடி ஒட்டியிருக்கு” என்று துடைத்துக் கொடுத்தார். அவளுக்கு மனம் ஆறவில்லை. பழைய கேமரா ஒன்றை வாங்கி, அதன் லென்ஸைத் திருப்பி மாட்டினால் சின்னது பெரிதாகத் தெரியும் என்று கேள்விப்பட்டு, அப்படியே மாட்டிப் படம் எடுத்தாள். கீறலின் ஒரு முனை கத்தி மாதிரித் தெளிவாக வந்தது. மீதி எல்லாம் புகை.

அவ்வளவு கிட்டே போய் எடுத்தால் அப்படித்தான் வரும் என்பது அவளுக்குப் பிறகு தெரிந்தது. தெளிவாக விழுகிற பகுதி காகிதக் கனத்துக்குக்கூட இருக்காது. அதற்கு ஒரு வழி இருந்தது. கேமராவை முடி அளவு முன்னே நகர்த்தி ஒரு படம், இன்னும் முடி அளவு நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒவ்வொரு படத்திலும் தெளிவாக இருக்கிற துண்டை மட்டும் பொறுக்கி ஒரே படமாக அது சேர்த்துக் கொடுக்கும். ‘ஃபோகஸ் ஸ்டாக்கிங்’ என்று பெயர். வீட்டில் அதை ‘அடுக்கு’ என்றார்கள்.

அடுக்கிய படத்தில் கீறல் கீறலாகவே வந்தது. லென்ஸ் வைக்கும் அட்டைப் பெட்டியின் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒரு ஊக்குமுனைதான் காரணம் என்பதும் தெரிந்தது. முதலாளி பெட்டியை மாற்றினார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குக் கேமரா கையை விட்டுப் போகவில்லை. பாசி, இறகு, எறும்பின் கால் என்று கிட்டே போய்ப் பார்த்தாள். வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக உலகமே எதையோ மறைத்து வைத்திருக்கிறது என்று அவள் சின்ன வயதிலிருந்து நினைத்தது சரிதான் என்று தோன்றியது.

கடைசியில் ஒரு கூன்வண்டில் வந்து நின்றாள். அரிசி டப்பாவில் செத்துக் கிடந்தது. கடுகை விடக் கொஞ்சம் நீளம். நீண்ட மூக்கும், மூக்கின் நடுவிலிருந்து கிளம்பி முழங்கை மாதிரி மடிந்த இரண்டு மீசையுமாக இருந்தது. அதை ஊசிமுனையில் பசை வைத்து ஒட்டி, பின்னறை மேசையில் நிறுத்தினாள். திருகைத் திருகினால் முன்னே ஊர்கிற ஒரு சின்ன இரும்புத் தடத்தில் கேமரா உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கத் திருகுவாள், சொடுக்குவாள், மூச்சை அடக்குவாள், திருகுவாள்.

முதல் ஞாயிறு எடுத்ததை அடுக்கிப் பார்த்தால் வண்டுக்கு நாலு மீசை. விளிம்பெல்லாம் இரட்டை இரட்டையாக, குடிகாரன் பார்த்த வண்டு மாதிரி இருந்தது. நடுவில் ஏதோ அசைந்திருக்கிறது. அடுத்த ஞாயிறும் அப்படியே.

“ஃப்ரிட்ஜா இருக்கும்” என்றான் கணவன்.

ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். பால் கெட்டதுதான் மிச்சம். மின்விசிறியை நிறுத்தினாள். மேல்வீட்டுப் பெண் கயிறு தாண்டுகிறாளோ என்று மாடியேறிப் போய் விசாரித்தாள். அந்தப் பெண்ணுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. கணவனையே கொஞ்ச நாள் சந்தேகப்பட்டாள். அவன் ஞாயிறும் வண்டி ஓட்டப் போகிறவன் என்பதால் விட்டுவிட்டாள். மிச்சம் இருந்தது மாமனார்.

மாமனார் தையல்காரராக இருந்தவர். கண் மங்கியதும் கடையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்தவர். அவருடைய துணி அலமாரி அந்தப் பின்னறையில்தான் இருந்தது. மூன்றாவது ஞாயிறு அவள் பாதியில் எழுந்து தேநீர் போடப் போய்த் திரும்பினாள். அன்றைக்கு எடுத்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். பாதிவரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்த வண்டு, பாதிக்கு மேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாமா, பின்னறைக்குப் போனீங்களா?”

“என் சட்டை எல்லாம் அங்கதானே இருக்கு. போகாம எப்படிம்மா?”

“வண்டைத் தொட்டீங்களா?”

“எந்த வண்டு?”

கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது அந்தக் கேள்வி. மூன்று வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லாதபோது எந்த வண்டு என்று கேட்கிறவரை எப்படி நம்புவது? மறுநாள் காலை முகப் பவுடர் டப்பாவை எடுத்துப் பின்னறை வாசலில் மெல்லிசாகத் தூவிவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் திரும்பியபோது மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பை. பவுடரில் ஒரு தடமும் இல்லை.

“கண்ணு மங்கிப்போச்சுன்னு நெனச்சியா? மூக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். “வாசனை கூடம் வரைக்கும் வருது. எனக்காகத்தானே தூவின?”

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

“திருடனுக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்க. நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். நீ நிம்மதியா வண்டு பாரு.”

அவர் போய்விட்டார். கணவன் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “சாப்பாடு வச்சாச்சான்னு கேளு” என்று சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். யாரிடம் கேட்பது?

அடுத்த ஞாயிறு அவன் வண்டிக்குப் போனதும் அவள் தனியாக இருந்தாள். இப்போது அறைக்குள் வர ஆளே இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லை, மின்விசிறி இல்லை. கேமரா பார்ப்பதை அப்படியே கணினித் திரையில் பெரிதாகக் காட்டும்படி வைத்துவிட்டு, தரையில் கால் படாமல் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திரை முழுக்க வண்டின் தலை. கறுத்த மூக்கில் குழிகுழியாக அம்மைத் தழும்பு மாதிரி. மடிந்த மீசை.

மீசை நடுங்கியது.

செத்து ஒரு மாதமான வண்டு அது. எழுந்துபோய் ஊசியால் தொட்டுப் பார்த்தாள். உமி மாதிரிக் காய்ந்திருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மறுபடி ஒரு நடுக்கம், இன்னொன்று, இன்னொன்று. நின்றது. மறுபடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் பார்க்க அதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. யாரோ நாலைந்து அடி அடித்துவிட்டுக் கை வலித்து மூச்சு வாங்குகிற மாதிரி. பிறகு திரும்பவும் அடிக்கிற மாதிரி.

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவந்து தரையில் வைத்தாள். தண்ணீரில் வளையம் வந்தது. காதை வைத்தால் சத்தமே இல்லை.

அவர்கள் குடியிருந்தது முதல் மாடி. நேர்கீழே மெத்தைக் கடை. அதை ஒட்டி, காலியாகிப் பூட்டிக் கிடந்த இன்னொரு கடை. அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஞாயிறு விடுமுறை, இரண்டு ஷட்டரும் இறங்கியிருந்தன. இரண்டிலும் பூட்டு. ஆனால் காலிக் கடையின் படி மட்டும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருந்தது. யாரும் இல்லாத கடையின் படியை யார் துடைப்பார்கள்? ஷட்டரில் உள்ளங்கையை வைத்தாள். தகரத்துக்குள்ளிருந்து அந்த அடி கைக்கு வந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டாவது மாடியில் இருந்தார். கதவைத் திறந்ததுமே முகத்தில் ஒரு சலிப்பு. தண்ணீர் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று போன வருடம் இவள் போட்ட சண்டை அவருக்கு மறந்திருக்காது.

“என்னம்மா இப்ப?”

“கீழ கடைக்குள்ள ஏதோ இடிக்கிறாங்க. எங்க வீடு ஆடுது.”

“ஆடுதா? எனக்கு ஆடலையே.”

“வெறும் கண்ணுக்குத் தெரியாது. வண்டு மீசையில தெரியுது.”

“கேமரா ஸ்டாண்டை மாத்திப் பாரும்மா” என்று கதவைச் சாத்தினார். சாத்துவதற்குள் அவள் உள்ளே பார்த்துவிட்டாள். கூடத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது மெத்தை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

சுவரிடம் பேசிக்கொண்டிருந்த கணவனிடம் அன்று இரவு அவளே பேசினாள். திரையைத் திறந்து, பதிவு செய்து வைத்திருந்ததை ஓட்டிக் காட்டினாள். அவன் பெரிய வண்டி ஓட்டுகிறவன். எஞ்சின் எங்கே முக்குகிறது என்று இருக்கையில் உட்கார்ந்தே சொல்லிவிடுவான். திரையைப் பார்த்தவன் முகத்திலிருந்த கோபம் மெல்ல வேறு ஏதோவாக மாறியது.

“இது சுத்தியல்” என்றான். “துணி சுத்தின சுத்தியல்.”

மறுநாள் மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மெத்தை வாங்குகிறவர்களாகக் கடைக்குப் போனார்கள். மெத்தைக்காரர் தேன் ஒழுகப் பேசுகிறவர். “வாங்க வாங்க, மேல்வீட்டுக்காரங்களுக்கு விலை வேற” என்றார். அவர் கவனத்தைப் பிடித்து வைப்பது கணவனின் வேலை என்று பேசி வந்திருந்தார்கள். அவன் ஒரு மெத்தையில் படுத்து, புரண்டு, இன்னும் கொஞ்சம் கெட்டியா வேணும் என்றான். அடுத்ததில் படுத்தான். மூன்றாவதில் படுத்தவன் அதிகாலை வண்டிக்கு எழுந்த அலுப்பில் நிஜமாகவே தூங்கிப்போனான். மெத்தைக்காரர் பெருமையாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பின்பக்கம் நகர்ந்தாள். காலிக் கடையை ஒட்டிய சுவர் தெரியாதபடி கூரைவரை மெத்தைகளைச் செங்குத்தாக அடுக்கியிருந்தார்கள். விற்கிற சரக்கை யாராவது எடுக்க முடியாதபடி அடுக்குவார்களா? இரண்டு மெத்தைக்கு நடுவே கையை விட்டாள். முழங்கைவரை பஞ்சு. தோள்வரை விட்டாள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது. பக்கவாட்டில் துழாவியபோது சொரசொரப்பாக ஏதோ. அதற்குள்ளே குச்சி குச்சியாக, குளிர்ச்சியாக. கம்பி. சதை பிய்ந்து எலும்பு தெரிகிற மாதிரி ஒரு தூண்.

“அந்தப் பக்கம் சரக்கு இல்லைங்க.”

மெத்தைக்காரர் பின்னால் நின்றார். அவள் கையை எடுத்தாள். கறுப்புச் சட்டையின் கை தோள்வரை சிமெண்டுத் தூசியில் வெள்ளையாக இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியேதான் இருந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை.

“மெத்தை நல்லாத்தான் இருக்கு” என்றாள். சட்டைக் கையை உதறிக்கொண்டாள். “தூசிதான் ஜாஸ்தி.”

கணவனைத் தட்டி எழுப்பி வெளியே இழுத்து வந்தாள். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் நகராட்சிக் கட்டடப் பிரிவுக்குப் போகும் வழியில் பாதித் தூரம் வந்திருந்தார்கள்.

அங்கேயும் முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. வண்டு, மீசை என்று அவள் ஆரம்பித்ததும் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். கணவன்தான் குறுக்கே புகுந்து, “தூண்ல கம்பி தெரியுதுங்க. இவ கையால தொட்டுப் பாத்துட்டு வந்திருக்கா” என்றான். உள்ளே இருந்த ஒரு பெண் பொறியாளர் தூசி படிந்த அந்தச் சட்டைக் கையைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மெத்தைகளை விலக்கியபோது குடியிருப்பு முழுக்கக் கீழே கூடியிருந்தது. இரண்டு கடைகளையும் ஒன்றாக்குவதற்காக இடையிலிருந்த சுவர் முக்கால்வாசி போயிருந்தது. சுவரோடு சுவராகப் பூசியிருந்த தூணிலும் பாதிக்குக் கிட்டப் போயிருந்தது. சத்தம் வெளியே வராமலிருக்கத்தான் மெத்தை. “சுவருன்னுதாங்க நெனச்சேன். தூணுன்னு தெரியாது” என்று மெத்தைக்காரர் கையைப் பிசைந்தார். தெரியாதவர் ஏன் ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை வெளியே பூட்டவைத்துவிட்டு உள்ளே அடித்தார் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் கேட்காததால் அவளே கேட்டாள். அவர் மெத்தை ஒன்றைத் தூசி தட்டத் தொடங்கினார். சங்கச் செயலாளர் மட்டும், “நான் பில்லு போட்டுத்தான் வாங்கினேன்” என்றார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

முட்டுக் கொடுத்து, தூணைச் சரிசெய்து முடிக்கும்வரை எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்றார் பொறியாளர். ஆளாளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். இவர்களுக்குப் பக்கத்தில் இருந்த சொந்தம் நாத்தனார் வீடு ஒன்றுதான்.

வழி முழுக்க அவள் மடியில் கேமராப் பை. கட்டடம் விஷயத்தில் அவள் நினைத்தது சரியாகிவிட்டது. ஆனால் அதே சந்தேகத்தை வைத்துத்தானே பெரியவரை வீட்டைவிட்டு அனுப்பினாள்? எல்லாம் சுத்தியலின் வேலை என்றால் அவர் என்ன பாவம் செய்தார்?

கதவைத் திறந்தது மாமனார்தான். மகனிடம், “வீடு நிக்குதா?” என்று கேட்டார். அவளைப் பார்க்கவில்லை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அவள் சொன்னாள். “மாமா, பவுடர் தூவினது தப்பு. உங்களைச் சந்தேகப்பட்டதும் தப்பு. மன்னிச்சிடுங்க. கீழ இடிச்சதாலதான் எல்லாம் ஆடியிருக்கு.”

அவர் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றார். நாத்தனார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பெரியவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த வண்டு” என்றார்.

“எந்த வண்டு?” என்றாள் நாத்தனார். அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

“கேமராத் திரையில பெருசாத் தெரிஞ்சுதும்மா, அது மூஞ்சியை ஒரு பக்கமா வச்சிருந்துச்சு. வெளிச்சம் இந்தப் பக்கம் இருக்கு, அது அந்தப் பக்கம் பாக்குது. நம்ம கை சும்மா இருக்குமா? பல்லுக்குச்சியால லேசாத் திருப்பி விட்டேன்.”

“எத்தனை தடவை?” அவளை அறியாமல் வந்துவிட்டது.

“ஒரே தடவை.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“சரி, ரெண்டு” என்றார்.

கணவன்தான் முதலில் சிரித்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, கதவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்க முடியாது. பவுடர் விஷயத்துக்கு அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேலை முடிய வெகுநாள் ஆயிற்று. வீடு திரும்பியபோது கீழே இரண்டு கடைகளும் காலியாக இருந்தன. தூணைச் சுற்றிப் புதுச் சிமெண்ட். செலவு முழுவதும் மெத்தைக்காரர் தலையில் விழுந்தது என்றார்கள். செயலாளர் இப்போதெல்லாம் மாடிப்படியில் பார்த்தால், “தண்ணித் தொட்டியையும் ஒரு தடவை பாத்துடேன்மா” என்று தானாகவே கூப்பிடுகிறார். இதில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று அவள் யோசிக்காமல் இல்லை.

மாமனாரும் திரும்பி வந்தார். பின்னறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டாள். இரண்டு கையும் மடியிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பழைய வண்டு இடம் மாறியதில் நொறுங்கிப் போயிருந்தது. ஜன்னலோரம் செத்துக் கிடந்த ஒரு அந்துப்பூச்சியை ஊசியில் ஏற்றினாள். மதியம் முழுக்கத் திருகினாள், சொடுக்கினாள். கிண்ணத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

அடுக்கிய படம் திரையில் மெல்ல வந்தது. மீசை இரண்டே இரண்டு. சீப்பு மாதிரிப் பல் பல்லாக, நுனியிலிருந்து அடிவரை ஒரே தெளிவு. நெற்றியில் பொன்னிற மயிர்க்கற்றை. சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல்.

“அடேயப்பா” என்றார் மாமனார். கை மடியிலிருந்து எழுந்து பாதியில் நின்று திரும்பிப் போனது. “இதைப் பாத்தா இனிமே பூச்சியை அடிக்கவே கை வராது போலிருக்கே.”

பூச்சியின் கண்ணுக்குக் கீழே தனியாக நீண்டிருந்த ஒற்றை முடியை அவள் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து முடிகளோடு அது சேரவில்லை. படங்களைச் சேர்க்கும்போது கணினி தானாக இப்படி இல்லாததை இழுத்து வைத்துவிடுவது உண்டு.

“என்னம்மா பாக்குற? நல்லாத்தானே வந்திருக்கு?”

“இந்த முடி நிஜமா, இல்ல கம்ப்யூட்டர் போட்டதான்னு பாக்கணும், மாமா.”

முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். மாமனார் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே வெயில் தாழ்ந்தது. கணவன் வேலை முடிந்து வந்து, இரண்டு முதுகையும் பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போனான். தேநீர் வருவதற்குள் ஒரு படத்தில், சுற்றிலும் புகையாக இருக்க நடுவில், அந்த ஒற்றை முடி மட்டும் தெளிவாக நின்றது. நிஜம்தான். அவள் அடுத்த முடிக்குப் போனாள்.